மிஞ்சிய பச்சை சாட்டின்

1

"அந்தம்மா அவங்க பாப்பாவுக்குக் கேக்காம எனக்கு ஏம்மா கேட்டாங்க?"

இந்தக் கதை பிறந்தது இந்தக் கேள்வியிலிருந்துதான். கேட்டவள் ரூபினி, ஏழு வயது. இடம், பெங்களூர் ஜோகுபாளையத்தில் நாங்கள் குடியிருக்கும் காம்பவுண்டின் குழாயடி. அவள் மணிக்கட்டில் ஒரு வருஷத்துக்கும் மேலாகக் கிடந்த பச்சைக் கயிறு அன்று காலை குளிக்கும்போது அறுந்து விழுந்துவிட்டது. அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கேட்டாள். அவளுடைய அம்மா பாஞ்சாலி, குடம் நிறைந்து வழிவதைப் பார்த்தபடி அப்படியே நின்றாள்.

அவளுக்குப் பின்னால் காலிக் குடத்துடன் நின்றிருந்தவன் நான். ஒரு குழந்தை இப்படியொரு கேள்வியைக் கேட்ட அந்த நேரத்தில், தண்ணீர் வீணாகிறதே என்றுதான் நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். கதை எழுதுகிறவர்களுக்கு நுட்பமான மனசு என்று நினைத்திருப்பவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று மாலை எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இப்படி வந்தது:

"தக்காணத்தின் செம்மண் பூமியில், காலத்தின் பெருமூச்சுபோல எழுந்து நிற்கிறது குல்பர்கா. ஞானி உறங்கும் அந்தப் பெரிய கும்மட்டத்தின் நிழலில்—"

'நிழலில்' என்று வந்ததும் பேனா நின்றுவிட்டது. நான் குல்பர்காவைப் பார்த்ததே இல்லை. வீட்டில் பழைய பூகோளப் புத்தகம் ஒன்று கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். அங்கே மண் கறுப்பு. பெருமூச்சைப் பற்றி அதில் ஒன்றும் போடவில்லை.

இரண்டாவது தொடக்கம்: "பாஞ்சாலி ஒரு சாதாரணப் பெண்." [சாதாரணம் என்று எழுதிய உடனே, இவள் ஏதோ அசாதாரணமாகச் செய்யப்போகிறாள் என்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். அடித்துவிட்டேன்.]

ஆகவே ஜோடனை இல்லாமல், நடந்த வரிசையில் சொல்லிப் பார்க்கிறேன்.

2

தொண்ணூற்றேழு ஆவணியில் ரூபினிக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு. அடுத்த கட்டிலில் இவள் வயதுள்ள இன்னொரு பெண்குழந்தை, அதே காய்ச்சல். அந்தக் குழந்தையின் அம்மா டேனரி ரோடு பக்கம் குடியிருப்பவள். பர்தாவை மடித்துத் தலைமாட்டில் வைத்துவிட்டு நாள் முழுக்க மகளின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அவள் பெயர் என்ன என்று பாஞ்சாலி கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் பெரியவர்களுக்குப் பெயர் கிடையாது, 'ரூபினி அம்மா', 'நூரி அம்மா', அவ்வளவுதான். நூரி என்பது முழுப்பெயரா, வீட்டில் கூப்பிடும் பெயரா, அதுவும் தெரியாது. நூரி, நூரி என்று அந்தத் தாய் காதோரம் குனிந்து கூப்பிடுவது மட்டும் கேட்கும்.

பாஞ்சாலி மருந்து வாங்கப் போனால் அவள் இரண்டு கட்டிலையும் பார்த்துக்கொள்வாள். அவள் தொழப் போனால் பாஞ்சாலி பார்த்துக்கொள்வாள். பிளாஸ்க் ஒன்று, டீ இரண்டு பேருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் பெரிய டாக்டர் ரூபினியின் தலைக்கு மேலே சின்ன டாக்டரிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். பாஞ்சாலிக்கு வார்த்தை புரியவில்லை. அவர் குரலைத் தாழ்த்தியது புரிந்தது. கட்டில் கம்பியைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போது அந்த அம்மா எழுந்து வந்து, தன் கையிலிருந்த பச்சைக் கயிற்றை அவிழ்த்து ரூபினியின் மணிக்கட்டில் கட்டினாள். கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தாள். பிறகு சொன்னாள்:

"குல்பர்கா பாவாகிட்ட உன் பொண்ணுக்காகக் கேட்டுட்டேன். நல்லாகும். ஆனதும் கூட்டிகினு போ. தர்காவுல ஒரு போர்வை போட்டுட்டு வா. மறக்காத, மா."

ரூபினிக்குக் காய்ச்சல் இறங்கியது. கயிற்றாலா, ஊசியாலா என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டையும் அனுப்புகிறவன் ஒருவனே என்று நம்புகிறவன் நான்.*

வீட்டுக்கு அனுப்பிய காலையில் அடுத்த கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். திரைக்குக் கீழே அந்த அம்மாவின் வெறும் பாதங்கள் தெரிந்தன. பாஞ்சாலியின் கணவன் முனிராஜ், வாசலில் ஆட்டோ நிற்கிறது என்று அவசரப்படுத்தினான். பாஞ்சாலி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தத் திரையைத் தாண்டி நடந்தாள். நிற்கவில்லை. போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. உள்ளே எப்படி இருக்கிறது என்று கேட்கவும் இல்லை. கேட்டால், பிழைத்து வந்த தன் பிள்ளையின் மேல் ஏதாவது ஒட்டிக்கொள்ளுமோ என்று பயம்.

* இந்த வரியை எடுத்துவிடச் சொன்னார் கையெழுத்துப் பிரதியைப் படித்த நண்பர். கதைக்குள் எழுத்தாளன் பிரசங்கம் செய்யக்கூடாதாம். எடுக்க மனம் வரவில்லை. அடிக்குறிப்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பாஞ்சாலியைப் பற்றி இல்லை, அந்த அம்மாவைப் பற்றி.

சொந்தப் பிள்ளை பக்கத்தில் காய்ச்சலில் கிடக்கும்போது அடுத்த வீட்டுப் பிள்ளைக்காக ஒருத்தி வேண்டிக்கொள்வாளா? வாசகர் நம்புவாரா? இவ்வளவு நல்லவளைக் கதையில் வைத்தால் விமர்சகர்கள் என்னைப் பள்ளிக்கூட நீதிபோதனை வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே அவளுக்கு ஒரு சின்னக் குறை வைத்தேன். இப்படி:

"அந்த அம்மா பாஞ்சாலியிடம் குளிக்கச் சோப்பு வாங்கிப் போனாள், கடைசிவரை திருப்பித் தரவில்லை."

நன்றாக வந்துவிட்டது, மனித இயல்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் உண்மையாக இருந்தவர்களைப் பற்றிப் பொய் எழுதுகிறோமே என்று உறுத்தியது. குழாயடியில் பாஞ்சாலியிடம், ஆஸ்பத்திரியில் சோப்பு கீப்பு கடன் வாங்கினதுண்டா என்று மெதுவாகக் கேட்டேன். அவள் முகம் மாறிவிட்டது.

"வாங்கனதுண்டு சார். நான்தான் வாங்கனேன், அவங்ககிட்ட. சந்தன சோப்பு. புதுசு. என் பையில போட்டுகினு வூட்டுக்கே வந்துட்டேன்."

அந்த அம்மாவுக்கு நான் தேடிக் கண்டுபிடித்த குறை இப்படிக் கட்டில் மாறிப் போய்விட்டது. அவளை இனி அப்படியே விட்டுவிடுகிறேன். நல்லவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நம்பும்படி எழுதத் தெரியாதது என் குறை.

4

[இந்தப் பகுதியில் குல்பர்காவின் வரலாறு இருந்தது. சுல்தான்கள், கோட்டை, பெரிய பீரங்கி எல்லாம் இருந்தன. பாஞ்சாலி ஒரு இடத்திலும் வரவில்லை. எடுத்துவிட்டேன். தேவைப்படுவோர் நூலகத்தில் பார்த்துக்கொள்ளவும்.]

5

கயிறு அறுந்த அன்று இரவுச் சாப்பாட்டின்போது பாஞ்சாலி, குல்பர்காவுக்குப் போகணும் என்று வாயைத் திறந்தாள். முனிராஜ் பீன்யாவில் ஒரு பாக்டரியில் லேத் ஓட்டுகிறவன், பேச்சில் சிக்கனம். சரி, அண்ணனைக் கேட்கலாம் என்றான். அதோடு காரியம் அவர்கள் இருவர் கையைவிட்டும் போய்விட்டது.

அண்ணன் கோவிந்தராஜன் இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். பாக்டரியில் டைம்கீப்பராக இருந்து ரிடையர் ஆனவர். இந்தத் தெருவிலிருந்து திருப்பதிக்கும் மேல்மருவத்தூருக்கும் வருஷா வருஷம் பஸ் பிடித்து ஆட்களைக் கூட்டிப்போய் ஒருவரையும் தொலைக்காமல் கொண்டுவந்து சேர்த்தவர். பயணம் என்று யாராவது பேச்செடுத்தால் அவர் முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

பம்பாய் ரயிலில் சாயங்காலம் ஏறினால் மறுநாள் காலை குல்பர்கா. அன்று சாயங்காலமே திரும்பும் ரயில். நடுவில் ஒரே ஒரு பகல். அந்த ஒரு பகலைக் கோவிந்தராஜன் ஒரு மாசம் திட்டமிட்டார்.

பாவாவுக்கு உகந்த நாள் வியாழக்கிழமை என்று விசாரித்து வைத்துக்கொண்டார். வியாழக்கிழமை ராகுகாலம் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல். ஆகவே போர்வையை அதற்கு முன்னால் போட்டுவிட வேண்டும். ரூபினிக்குப் பள்ளிக்கூடம் கெடாமல் கிறிஸ்துமஸ் லீவில் போக வேண்டும். வைகுண்ட ஏகாதசிக்கு ஊரில் இருந்தாக வேண்டும். தேய்பிறை கூடவே கூடாது. அமாவாசை கழிந்து பிறை வளரத் தொடங்கிய பிறகுதான் காலெடுத்து வைப்பது. எல்லாவற்றையும் சல்லடையில் போட்டுச் சலித்து ஒரே ஒரு வியாழக்கிழமையைப் பிடித்தார். மொட்டை எங்கே அடிப்பது என்பதுதான் பாக்கி.

"அங்க மொட்ட எல்லாம் கெடையாது மாமா. போர்வ மட்டும்தான் சொன்னாங்க," என்றாள் பாஞ்சாலி.

"வேண்டுதல்னா மொட்ட இல்லாமலா?" கோவிந்தராஜனுக்கு உண்மையிலேயே வருத்தம்.

அவர் மனைவி சாந்தகுமாரி உள்ளிருந்தே சொன்னாள்: "ஆசையா இருந்தா நீங்க அடிச்சிக்கினு வாங்க. இருக்கறதே நாலு முடி. பாவா கோச்சிக்க மாட்டாரு."

சாப்பாட்டுப் பொறுப்பு சாந்தகுமாரிக்கு. ஊர்ப்புறத்து ஓட்டலை நம்பக்கூடாது என்பது கோவிந்தராஜனின் கொள்கை. எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டுக்கட்டாக. தர்கா மரத்தடியில் உட்கார்ந்து அமைதியாகச் சாப்பிடுவது என்பது திட்டத்தில் தனியாகவே இடம் பெற்றிருந்தது.

இவரைப் பார்த்து நிறையச் சிரித்துக்கொண்டே இந்தப் பகுதியை எழுதினேன். எழுதி முடித்துப் படித்தபோதுதான் தெரிந்தது. போகாத ஊருக்கு ஒரு மாசம் திட்டம் போட்ட ஆள், பார்க்காத ஊரைப் பற்றி மூன்று மாசமாகத் தொடக்கம் எழுதிக்கொண்டிருக்கும் ஆளுக்கு எவ்வளவோ மேல். அவர் டிக்கெட்டாவது எடுத்தார்.

6

போர்வை தைக்கும் வேலையைப் பாஞ்சாலி தன் கையில் வைத்துக்கொண்டாள். அவள் வேலை செய்வது கார்மெண்ட்ஸில், காலர் பிரிவில். ஒரு நாள் முழுக்கச் சட்டைக் காலராகத் தைத்துத் தள்ளுகிறவளுக்கு ஒரு போர்வைக்கு ஓரம் அடிப்பது பெரிய வேலை இல்லை. அளவுதான் தெரியவில்லை. பாவாவின் சமாதி எவ்வளவு நீளம் என்று யாருக்குத் தெரியும்? இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டால் வரும் அளவு போதும் என்று கோவிந்தராஜன் தீர்மானித்தார். குறைந்துவிடக் கூடாதென்று பாஞ்சாலி சிவாஜிநகரில் பச்சை சாட்டின் கொஞ்சம் கூடவே வாங்கினாள்.

அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். தையல் மெஷின் அந்தச் சுவரை ஒட்டி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். மெஷின் நீளமாக ஓடும், நிற்கும், துணியைத் திருப்புகிறாள் என்று தெரியும், மறுபடி நீளமாக ஓடும். பெரிய துணி, பெரிய ஓரங்கள். சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது.

பிறகு ஒரு நாள், மற்றவர்கள் வீட்டில் இல்லாத நேரம், மெஷின் மறுபடி கேட்டது. இந்தத் தடவை குட்டைக் குட்டையாக. சர்ரென்று கொஞ்சம், ஒரு திருப்பல். மறுபடி கொஞ்சம், ஒரு திருப்பல். ஒரு குழந்தை போர்த்திக்கொள்கிற அளவுத் துணிக்குத்தான் ஓரம் அப்படி ஓடும். நான் அப்போது மூன்றாவது தொடக்கத்தில் கும்மட்டத்துக்கு ஏற்ற உவமையைத் தேடிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கதை தைக்கப்பட்டுக்கொண்டிருந்தது; இந்தப் பக்கம் நான் சத்தமாக இருக்கிறதென்று சலித்துக்கொண்டேன்.

புறப்படுவதற்கு முன்னால் பாஞ்சாலி தெருமுனைக் கடையில் ஒரு சந்தன சோப்பு வாங்கினாள். ஒரு நாள் போய்வர யாராவது புதுச் சோப்பு வாங்குவார்களா, மாப்பிள்ளை வீட்டுக்கா போகிறோம் என்று சாந்தகுமாரி கிண்டல் பண்ணினாளாம். பாஞ்சாலி சிரித்துச் சமாளித்துச் சோப்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

7

மார்கழிக் காலை. ரயில் ஜன்னலுக்கு வெளியே மண் கறுப்பாக ஓடியது. [பூகோளப் புத்தகத்துக்கு நன்றி.] கோவிந்தராஜன் எழுந்து திருநீறு பூசிக்கொண்டு, வண்டி தாமதமாக ஓடுகிறதா என்று எதிரில் இருந்தவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். சாந்தகுமாரி சோற்று மூட்டை கசியாமல் இருக்கிறதா என்று பார்த்தாள். முனிராஜ் தூங்கினான். ரூபினி அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டு, வெறுமையாக இருந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். குழாயடியில் கேட்டதையே மறுபடி கேட்டாள்.

இந்தத் தடவை பாஞ்சாலி பதில் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். பக்கத்திலிருந்த சாந்தகுமாரிக்குக் கேட்டதால் எனக்கும் கிடைத்தது.

"ஏன் கேட்டாங்கன்னு எனக்குத் தெர்ல கண்ணு. அவங்க உனக்குக் கேட்டாங்க. நான் அவங்க பாப்பாவுக்கு ஒரு வார்த்த கேக்கல. அதுக்குத்தான் போறேன்."

சாந்தகுமாரி எப்போதும் எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள். அப்போது சோற்று மூட்டையின் முடிச்சை அவிழ்த்து, மறுபடி கட்டினாளாம்.

[இந்த இடத்தில் கதையை முடித்திருக்கலாம். நல்ல இடம்தான். ஆனால் டிக்கெட் குல்பர்கா வரைக்கும் எடுத்தாயிற்று.]

8

தர்காவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கும்மட்டம் பெரியதாக இருந்தது. அதற்கு மேல் நான் சொல்லப்போவதில்லை.

முதல் விஷயம் வாசலிலேயே தெரிந்தது. பெண்கள் சமாதிக்கு உள்ளே போவதில்லை, வாசற்படியோடு நின்று வேண்டிக்கொள்வதுதான் வழக்கம் என்று தர்காவைப் பார்த்துக்கொள்ளும் முஜாவர் மரியாதையாகச் சொன்னார். ஒரு மாசத் திட்டத்தில் இது இல்லை. பாஞ்சாலி தான் தைத்த போர்வையை முனிராஜின் கைகளில் வைத்தாள். முனிராஜும் கோவிந்தராஜனும் தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். அளவு எப்படி இருந்தது என்று வெளியே வந்ததும் பாஞ்சாலி கேட்டாள். சரியாக இருந்தது என்றான் முனிராஜ். ரொம்பச் சின்னதாக இருந்தது, ஆனால் அங்கே எத்தனையோ போர்வைகள் இருந்தன, ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டது என்று கோவிந்தராஜன் உண்மையைச் சொன்னார். முஜாவர் மயிற்பீலியால் ரூபினியின் தலையில் தட்டினார். அவள் சிரித்தாள். ராகுகாலம் பிறக்க இன்னும் நேரம் இருந்தது.

வேண்டுதல் முடிந்தது. கோவிந்தராஜன் வெற்றியோடு மரத்தடியைத் தேர்ந்தெடுத்தார், ஜமக்காளம் விரித்தார், முதல் பொட்டலத்தைப் பிரித்தார். எலுமிச்சையும் கடுகும் பெருங்காயமும் மணந்தன. அப்போதுதான் அவர் சுற்றிலும் பார்த்தார். அவ்வளவு பெரிய வளாகத்தில் ஒருவரும் எதையும் சாப்பிடவில்லை. டீக்கடைக்கு முன்னால் திரை தொங்கியது. குழாயருகே ஒருவர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். ஒரு சொட்டு விழுங்கவில்லை.

ரம்ஜான் மாசம்.

தெரியாத விஷயமில்லை. புறப்படுவதற்கு முந்தின நாள்தான் முனிராஜ் சிவாஜிநகரில் நின்று சமோசா சாப்பிட்டிருந்தான். பெங்களூரில் ரம்ஜான் என்பது சாயங்காலக் கடைகள். அது இங்கே பகலாகவும் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எந்தப் பிறை வளரத் தொடங்கியதைப் பார்த்துக் கோவிந்தராஜன் நாள் குறித்தாரோ, அதே பிறையைப் பார்த்துத்தான் இவர்களும் நோன்பு தொடங்கியிருந்தார்கள். நிலாவைத் தனக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டது அவர் தப்பு. [இந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பிடித்த வரிகளைச் சந்தேகிக்க வேண்டும் என்பார்கள். சந்தேகித்தபடியே விட்டுவைக்கிறேன்.]

கோவிந்தராஜன் பொட்டலத்தை மூடினார். இத்தனை வருஷப் பயணத்தில் அவர் முகத்தை அப்படி யாரும் பார்த்ததில்லை. பெரியவர்கள் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேச்சே இல்லாமல் முடிவாகிவிட்டது: சாப்பிடுவதில்லை. ஆனால் ரூபினிக்குப் பசி. அவள் மூடின பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூவும் ஊதுபத்தியும் விற்கும் கடைக்காரர் எதிரே இருந்து இதையெல்லாம் பார்த்திருக்கிறார். எழுந்து வந்து, "பச்சி கு ரோஜா நை மா, கிலாவ்," என்றார். குழந்தைக்கு ஏது நோன்பு, ஊட்டு என்று அர்த்தம். தன் கடைக்குப் பின்னால் ஒரு பாயை விரித்து, ரூபினி கூச்சப்படக் கூடாதென்று ஒரு துணியைத் திரையாகத் தொங்கவிட்டார். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் உதடு வெடித்திருந்தது. குழந்தை மடமடவென்று குடிப்பதை நின்று பார்த்து, போதுமா என்று கேட்டு, இன்னொரு சொம்பும் கொண்டுவந்தார்.

நீதி சொல்லாமல் இருப்பேன் என்று நண்பரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகவே சொம்பை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

மிச்சப் பொட்டலங்களைச் சாந்தகுமாரி அவரிடமே கொடுத்தாள், சாயங்காலம் நோன்பு திறக்கும்போது யாருக்காவது ஆகட்டும் என்று. அவர் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கோவிந்தராஜன் மரத்தில் சாய்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக, திட்டமில்லாமல் பட்டினி கிடந்தார்.

9

ரயிலுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. இப்போது முடிவு வேண்டும். பாஞ்சாலியின் கைப்பையில், யாருக்கும் தெரியாமல், ஓரம் அடித்த அந்தச் சின்னத் துணி இருக்கிறது. சோப்பும் இருக்கிறது. மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. வளாகத்தின் ஓரத்தில் சின்னச் சின்னக் கல்லறைகள். அவற்றில் பெயரில்லாத ஒன்றின் மேல் பாஞ்சாலி அந்தப் பச்சைத் துணியைப் போர்த்துகிறாள். நூரி செத்துப்போனாள் என்று எனக்கு யார் சொன்னது? திரை போட்டிருந்தார்கள், அவ்வளவுதானே? கதை கனக்க வேண்டும் என்பதற்காக ஒரு குழந்தையைக் கொன்றுவிட்டேன். கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது முடிவு. கூட்டத்தில், "ரூபினி அம்மா!" என்று ஒரு குரல். திரும்பினால் அந்த அம்மா. கையைப் பிடித்துக்கொண்டு, இரட்டைப் பின்னலோடு நூரி. இதை எழுதும்போது நான் அழுதேன். மறுநாள் படித்தபோது வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. மேஜை டிராயரில் இருக்கிறது. சில இரவுகளில் எடுத்துப் படித்துக்கொள்கிறேன்.

மூன்றாவது முடிவு. தாழ்வாரத்தில், நோன்புக் களைப்பில் கண்ணயர்ந்த ஒரு தாயின் பக்கத்தில் ஒரு குழந்தை தூங்குகிறது. யாரோ எவரோ. பாஞ்சாலி அந்தக் குழந்தையின் மேல் துணியைப் போர்த்திவிட்டு, தலைமாட்டில் சோப்பை வைத்துவிட்டு, எழுப்பாமல் வந்துவிடுகிறாள். இதுதான் எனக்குப் பிடித்தது. என் புத்திக்கும் பக்திக்கும் அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.

வேறு வழியில்லாமல் பாஞ்சாலியையே கேட்டேன். அதே குழாயடி. நான் குடத்தை வைத்துத் திறந்துவிட்டு, சுற்றி வளைத்து, அந்தச் சின்னத் துணி என்ன ஆயிற்று என்று கேட்டேன். மெஷின் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டதையும் சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை.

"சார், உங்க கொடம் ரொம்பி வழியுது பாருங்க," என்றாள்.

10

ஆகவே எனக்குத் தெரிந்தவரையில் எழுதுகிறேன்.

வெயில் மரத்தின் அந்தப் பக்கம் போயிருந்தது. முனிராஜ் தலைக்குக் கைவைத்துப் படுத்திருந்தான். கோவிந்தராஜன் கண்ணை மூடியிருந்தார், பசியா தியானமா என்று தெரியாதபடி. சாந்தகுமாரியின் மடியில் ரூபினி வயிறு நிறைந்து தூங்கினாள். பாஞ்சாலி எழுந்தாள். முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, தோ வந்துட்டேன்க்கா என்று சொல்லிவிட்டு, வெள்ளைச் சுவரை ஒட்டி நடந்து திரும்பினாள்.

சாந்தகுமாரி கூப்பிட வாயெடுத்தாள். காலையில் ரயிலில் கேட்டது ஞாபகம் வந்தது. வேண்டுமென்றே முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவளே திருப்பிக்கொண்ட பிறகு நான் எட்டிப்பார்ப்பது முறையில்லை. கதை எழுதுகிறவனுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் போக உரிமை உண்டு என்பார்கள். எனக்கு வேண்டாம். சில கடன்களை அடைக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்கக் கூடாது. நான் பேனாவை மூடி வைக்கிறேன். மூன்று முடிவுகளையும் உங்களிடம் விட்டுவிட்டேன். நாலாவது ஒன்று உங்களிடமே இருக்கலாம். ஆனால் இப்போதைக்கு, தயவுசெய்து, நீங்களும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.

பாஞ்சாலி திரும்பி வந்தபோது கைப்பை தட்டையாக இருந்தது. உட்கார்ந்து மகளைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டாள். ரூபினி பாதித் தூக்கத்தில் அம்மாவின் கையை இழுத்து மூக்கருகே வைத்துக்கொண்டாள். சந்தன வாசனை அடித்தது. எதுவும் கேட்காமல் மறுபடி தூங்கிப்போனாள்.